துணிக்கு உண்டு, தோளுக்கு?

ஒரு சின்ன பரீட்சை. வலது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகின் நடுவைத் தொடுங்கள். அடுத்து இடது கை. சுலபமாக முடிந்ததா? சந்தோஷம். முடியாதவர்கள்தான் இந்த வாரம் எனக்கு வேண்டும்.

திருப்பூரில் எங்கள் வீதியில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 48. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "கை மேல போகமாட்டீங்குதுங்க. தலை பின்னக்கூட மகதான் வரோணும்" என்றார் ஒருநாள்.

டாக்டர் சொன்ன பெயர் ஃப்ரோசன் ஷோல்டர். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. அப்புறம் நாமே தூக்கினாலும் சரி, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் சரி, கை ஓர் அளவுக்கு மேல் போகாது. 40 முதல் 60 வயதுக்குள்தான் அதிகம் வரும், அதிலும் பெண்களுக்கு. சர்க்கரை இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

"தையல் வேலையால வந்ததுங்களா?" என்று கேட்டார். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பல சமயம் காரணமே பிடிபடாது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றரை ஷிப்ட் தைக்கிறவரின் விரல்கள் ஓயாமல் ஓடும். முழங்கை மட்டும் இடுப்பை ஒட்டியே இருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை கை தலைக்கு மேலே போக வேலையே இல்லை. வலிக்குதேன்னு வீட்டிலும் அசைக்காமல் வைத்துக்கொண்டால் இறுக்கம் கூடத்தான் செய்யும்.

பிசியோதெரபிக்குத் தினமும் வரச் சொன்னார்கள். மூன்று நாள் போனார், நாலாம் நாள் நின்றுவிட்டார். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. நல்லவேளை, அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் விடவில்லை. "வீட்லயே செய்யுங்கக்கா, மாசம் ஒருக்கா வந்து காட்டுங்க" என்று மூன்றே பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு நல்ல கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மணி ஊசலாடுவதுபோல மெதுவாக ஆட்டணும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர சர்ஜன் எர்னஸ்ட் காட்மேன் பெயரால் வழங்கும் பயிற்சி இது. 1934-ல் இந்த நோய்க்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

இரண்டாவது, சுவரில் விரல்களால் எறும்புபோல மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் ஒரு கோடு. அக்கா துணிக்குக் கோடு போடுகிற டெய்லர் சாக்பீஸாலேயே போட்டார். மூன்றாவது, முதுகுக்குப் பின்னால் துண்டைக் குறுக்காகப் பிடித்து, மேல் கையால் கீழ் கையை மெல்ல இழுப்பது. அதற்கு ஒரு பழைய பனியன் போதும்!

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: இழுப்பு தெரியலாம், குத்துகிற வலி கூடாது. முறுக்கி விடுகிறேன் என்று யாரிடமும் தோளைக் கொடுக்காதீர்கள். விழுந்து அடிபட்ட வலி, காய்ச்சலோடு வரும் வீக்கம் என்றால் டாக்டரிடம்தான் போகணும். நெஞ்சு இறுக்கத்தோடு தோள் வலித்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

அவசரம் மட்டும் ஆகாது. முழுசாகச் சரியாக ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். அக்கா வீட்டுச் சுவரில் தோள் உயரத்தில் தொடங்கிய கோடு, எட்டு மாசத்தில் காலண்டர் ஆணியை எட்டிவிட்டது. இப்போது தலையை அவரே பின்னிக்கொள்கிறார்.

பனியன் கம்பெனி முதலாளிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ரோலில் இறுகி வந்த துணியை அப்படியே வெட்ட கட்டிங் மாஸ்டர் சம்மதிக்க மாட்டார். பிரித்து விரித்துப் போட்டு, தளர்ந்த பிறகுதான் கத்தி வைப்பார். இல்லாவிட்டால் அளவு சுருங்கி ஆர்டரே திரும்பி வந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும்.

துணிக்கு அத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள். தைக்கிற தோளுக்கு டீ நேரத்தோடு ஒரு ஐந்து நிமிடம் சேர்த்துக் கொடுங்களேன்!