சிங்கத்துக்கு முளைத்த பல்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் காலை வெயில் ஏறும் நேரம். சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்த விஸ்காம் மாணவி ஒருத்தி கேமராவைத் தூக்குகிறாள். சூரியனோ கோயிலுக்குப் பின்னால், கடல் பக்கம். படத்தில் வானம் பளிச், கோயில் கரிக்கட்டை. நல்லவேளை, ‘ரா’ ஃபைலாக எடுத்திருந்தாள். ஜேபெக் என்றால் இருட்டுக்குள் கிடக்கும் விவரத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

இரவு ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து ‘ஷேடோஸ்’ அளவை மெல்ல ஏற்ற, கல் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அதோடு விட்டிருக்கலாம். ஏஐ வசதியையும் தட்டிப் பார்த்தாள். 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில். உப்புக்காற்றில் முகம் தேய்ந்துபோன சிங்கம். அதற்கு ஒரே நொடியில் கண்ணும் பல்லும் முளைத்துவிட்டன!

அழகாகத்தான் இருந்தது. ஆனால், காலையில் அவள் பார்த்த சிங்கம் அதுவல்ல. ‘அன்டூ’வை அழுத்தினாள்.