வெள்ளைப் பெட்டி கற்பித்த பாடம்



வீடியோ விளையாட்டு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் கூட்டங்களில் பலமுறை பேசியவன் நான். இன்று அதே வாயால் வேறொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019-ஆம் ஆண்டை ஜொகூர் மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளியது. அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. செப்டம்பரில் சுமத்திரா, கலிமந்தான் காட்டுத் தீயின் புகைமூட்டம் வந்து சேர்ந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கைகளை நிறுத்திவிட வேண்டும். ஆகவே உடற்கல்வி வேளையில் பிள்ளைகள் வகுப்பறையிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள்.

அதற்காக மகிழ்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். நான்காம் ஆண்டில் பயின்றவன், பருத்த உடல். திடலுக்குப் புறப்படும்போதெல்லாம் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அணி பிரிக்கையில் அவன்தான் கடைசி ஆள். அவன் ஓடத் தொடங்கினால் சிரிப்பொலியும் கூடவே ஓடும். "ஐயா, நான் உட்கார்ந்துகொள்ளட்டுமா?" என்று கேட்பான். நானும் மரத்தடியைக் காட்டிவிடுவேன். அதை இரக்கம் என்று எண்ணியிருந்தேன். அது என் சோம்பல் என்பது பிறகுதான் விளங்கியது.

அவனைப் போன்றோர் ஒருவர் இருவரல்லர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுடையோரில் 15 விழுக்காட்டினர் மிகை எடையுடையோர்; மேலும் 14.8 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையோர். ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர்! இவ்வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

புகைமூட்ட நாள்களில் ஒருநாள், வீட்டு அலமாரியில் என் மகனின் பழைய வெள்ளைப் பெட்டி கண்ணில் பட்டது. நிண்டெண்டோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'வீ' என்னும் விளையாட்டுக் கருவி அது. உடன் 'ஜஸ்ட் டான்ஸ்' என்னும் நடன விளையாட்டும் இருந்தது. திரையில் ஆடும் உருவத்தைப் பார்த்து நாமும் ஆட வேண்டும். கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் அசைவைக் கொண்டு அது புள்ளி வழங்கும்.

தலைமையாசிரியரின் இசைவோடு மண்டபத்தின் சன்னல்களை மூடி, சுவரில் படத்தை வீழ்த்தினேன். ஒரே நேரத்தில் நால்வர்தாம் புள்ளி பெற முடியும். எஞ்சியவர்கள் சும்மா நிற்பார்கள் என்றே எண்ணினேன். ஆனால் வெறுங்கையோடு நின்ற முப்பது பிள்ளைகளும் ஆடினார்கள்! கடைசி வரிசையில் அவனும் ஆடினான். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வயிற்றுவலி எங்கே போயிற்றோ!

கருவியின் வெற்றி என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். புகை விலகியது, மீண்டும் திடலுக்குப் போனோம். அவன் நேராக மரத்தடிக்குப் போய் அமர்ந்துகொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இதே 'வீ' கருவியைக் கொடுத்து 13 வாரம் கவனித்திருக்கிறார்கள். உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகளைப் பெற்ற பிள்ளைகளின் உடலியக்கம், உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பெற்ற பிள்ளைகளினுடையதைவிடக் கூடவில்லை என்று 2012-இல் எழுதினார்கள். 2016-இல் உலகையே தெருவில் நடக்கவிட்ட 'போக்கிமான் கோ' விளையாட்டின் கதையும் இதுதான். அமெரிக்க இளையோரிடம் முதல் வாரத்தில் நாளுக்கு 955 அடிகள் கூடின. ஆறாம் வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டன.

அப்படியானால் எங்கள் மண்டபத்தில் ஆட வைத்தது எது? எண்ணிப் பார்த்தேன். அங்கே எல்லாக் கண்களும் சுவரை நோக்கியிருந்தன. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. திடலிலோ எல்லாக் கண்களும் அவன்மீதே இருந்தன. மண்டபத்தில் யாரும் அவனைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தவறி ஆடினாலும் பாட்டு நிற்கவில்லை. அடுத்த அசைவு உடனே வந்தது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்த இந்த எளிய நாகரிகம், இத்தனை ஆண்டு அனுபவமுள்ள எனக்குத் தெரியாமல் போயிற்றே!

மறுவாரம் முதல் மாணவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். அணியை நானே பிரித்தேன். நொண்டியாட்டத்தில் தனி வெற்றியாளர் இல்லை. அணி மொத்தமாக எத்தனை அடி கடந்தது என்று மட்டும் எண்ணினோம். கைதட்டல் தாளத்துக்கு எல்லாரும் ஒரே திசை நோக்கிக் குதித்தோம். மூன்றாம் வாரத்தில் மரத்தடி காலியாக இருந்தது.

2020 மார்ச் தொடக்கத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குச் சில நாள் முன்பு, 'செகாக்' உடல்தகுதிச் சோதனை நடந்தது. தாளத்துக்கேற்ப மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்க வேண்டும். முந்திய முறை பாதியில் விட்டவன், இம்முறை முடித்தான். எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மூச்சு வாங்க என்னிடம் வந்து, "ஐயா, அந்தப் பெட்டியை மறுபடியும் கொண்டு வருவீர்களா?" என்றான்.

"பழுதாகிவிட்டதப்பா" என்றேன்.

"பரவாயில்லை ஐயா. நான் தாளம் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்து ஏறிய நண்பனுக்காகக் கைதட்டத் தொடங்கினான்.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடாதீர்கள். பக்கத்தில் நின்று நீங்களும் ஆடுங்கள். உங்கள் பள்ளித் திடலிலும் ஒரு மரத்தடி இருக்கும். அங்கே யார் அமர்ந்திருக்கிறார் என்று நாளை ஒருமுறை பாருங்கள்.