தாணிப்பாறைக்கு ரெண்டு ராத்திரி

சதுரகிரி ஏறுறதைப் பத்திச் சொல்ல ஆள் நிறைய உண்டு. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம். எங்க ஆத்தூர்க்காரங்களுக்குக் கஷ்டம் மலை இல்லை. அடிவாரமான தாணிப்பாறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்றதுதான்.

நாங்க இருக்கிறது தூத்துக்குடி - திருச்செந்தூர் ரோட்டுல, தாமிரபரணி கடலைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முந்தி. மலை இருக்கிறது விருதுநகர் மாவட்டத்து மேற்கு ஓரத்துல. நேர் பஸ் கிடையாது. தூத்துக்குடி, கோவில்பட்டி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புன்னு மாறி மாறித்தான் போகணும்.

முன்னாடி இது பெரிய பாடா தெரியலை. காலையில கொடிக்கால்ல தண்ணி பாய்ச்சிட்டுக் கிளம்புவாங்க. எப்ப போய்ச் சேர்ந்தாலும் ஏறலாம். மேலே மடத்துல சாப்பாடு கிடைக்கும், அங்கேயே துண்டை விரிச்சுப் படுத்துட்டு மறுநாள் இறங்குவாங்க. 2015 மே மாசம் காட்டாத்து வெள்ளத்துல பக்தர்கள் செத்த பிறகு கெடுபிடி கூடிப்போச்சு. 2021-ல அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. இப்ப காலையில ஏறணும், பொழுது சாயுமுன்ன இறங்கணும், மேலே தங்கக்கூடாது. காட்டுக்கும் மனுஷனுக்கும் அது நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா கார்ல வர்றவங்களுக்கு ஒரு பகல்ல முடியுற காரியம், பஸ்ஸை நம்புறவங்களுக்கு ரெண்டு ராத்திரி ஆயிருச்சு.

போன ஆடி அமாவாசைக்கு அத்தையைக் கூட்டிட்டுப் போனேன். அறுபத்தெட்டு வயசு. "முட்டு இன்னும் ஒரு வருசம் தாங்குமோ என்னவோ, இப்பமே போயிருவோம்லே"ன்னாங்க. வாடகைக்கார் பேசட்டுமான்னு கேட்டேன். அந்த ரூவாய்க்கு எத்தனை நாள் வெத்தில கிள்ளணும்னு ஒரு கணக்குப் போட்டாங்க. அதுக்கு மேல நான் பேசலை.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆத்தூர்ல ஏறினோம். சிவகாசி போய்ச் சேரும்போது நடுராத்திரி. அடுத்த பஸ் விடியக்காலைதான். சிமெண்ட் பெஞ்சுல அத்தை படுக்க, நான் பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பையில சாமிக்கு ரெண்டு கவுளி வெத்திலை, ஈரத்துணி சுத்தி. நம்ம ஆத்தூர் வெத்திலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, ஆனா பஸ் ஸ்டாண்டு வெக்கைக்கு அதெல்லாம் தெரியாது, ரெண்டு மணிக்கொருக்க தண்ணி தெளிக்கணும்.

வத்திராயிருப்புல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல தொத்தினோம். அத்தைக்கு இடம் குடுத்தது ஒரு சின்னப் பொண்ணு. ஏழு மணிக்கெல்லாம் வாசல்ல வரிசையில நின்னோம். பிளாஸ்டிக் இருக்கான்னு பையைத் தடவினாங்க. வெத்திலை மட்டுந்தான் இருந்துச்சு. வழுக்குப்பாறையில மட்டும் அத்தை என் கையைப் பிடிச்சாங்க, மத்ததெல்லாம் எனக்கு முன்னாடி. திரும்புற ராத்திரி கோவில்பட்டியில கழிஞ்சது.

சென்னையிலிருந்து வர்றவங்களுக்குச் சுலபம். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா காலையில ஸ்ரீவில்லிபுத்தூர். கார்லதான் வருவேன்னா, வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க. மஞ்சப்பையோட ரெண்டு கிழவியாவது நிப்பாங்க. பின் சீட்டு காலியா இருந்தா ஏத்திக்கோங்க.