மலையேறிய முதுகு

போடி என்றதும் நமக்கெல்லாம் ஏலக்காய்தான் நினைவுக்கு வரும், இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, முதுவாக்குடிக்குப் போய் வரும் வரை!

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை பஸ். அதற்கு மேல் வழிகாட்டியோடு நடை. 2018 மார்ச்சில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன மலை இது. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

மரத்துக்கு மரம் மலை அணில் தாவியது. எதிர்ச் சரிவில் காட்டுமாடுகள் மேய்ந்தன. வேடிக்கை பார்த்தபடியே வந்த என் மூன்று வயது மகள் பாதி வழியில், “காலு வலிக்குதும்மா” என்று உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வந்த முதுவர் குலத்து அம்மாள் ஒருவர், “பிள்ளையைக் கொடு தாயி” என்று வாங்கி, துணியால் முதுகோடு கட்டிக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள்! மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்பதால்தான் ‘முதுவர்’ என்ற பெயராம்.

வீட்டில் ஏலம் தட்டிப்போட்ட கடுங்காப்பி தந்தார். “அவசரத்துக்கு ஆஸ்பத்திரி?” என்று கேட்டேன்.

“என் மகளுக்குப் பிரசவ வலி வந்தது ராத்திரியிலே, நல்ல மழை. டோலி கட்டித்தான் இறக்கினோம். ரெண்டு உசிரும் பிழைச்சுது.”

சகோதரிகளே, பாயசத்துக்கு ஏலக்காய் தட்டும்போதெல்லாம் இப்போது அந்த மழை இரவும் நினைவுக்கு வருகிறது.