பக்கத்து நாற்காலியில் யார்?

சொகுசுக் கப்பலில் டிக்கெட் போடும்போது கேபினில் ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா, எந்தத் தளம் என்று ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் அந்த ஏழு நாளும் இனிக்குமா கசக்குமா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது வேறொரு சின்ன விஷயம். ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த மேஜை? அதில் கூட உட்காரப் போவது யார்?

பழைய முறை இதுதான். கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே நேரத்தில் இடம் இருக்காது. அதனால் இரண்டு பந்தி. (ஆமாம், பந்தியேதான். 'சிட்டிங்' என்று சொன்னால் மட்டும் வேறாகிவிடுமா என்ன!) முதல் பந்தி மாலை ஆறு மணி வாக்கில், அடுத்தது எட்டு, எட்டரைக்கு. ஒரு பாதி சாப்பிடும்போது இன்னொரு பாதி அரங்கில் ஆட்டம் பாட்டம் பார்க்கும். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள்.

பந்தியோடு மேஜை நம்பரும் முதல் நாளே கைக்கு வந்துவிடும். நான்கு பேர், ஆறு பேர், எட்டு பேர், பத்து பேர் மேஜைகள். இருவர் மட்டும் உட்காரும் மேஜைகள் கொஞ்சம்தான், கேட்பவர்களோ அதிகம். கிடைக்காத தம்பதி, முன்பின் தெரியாத மூன்று ஜோடிகளோடு உட்கார வேண்டியதுதான். அதுவும் ஒரு நாள் கூத்தில்லை. பயணம் முடியும்வரை அதே மேஜை, அதே முகங்கள், அதே வெயிட்டர்.

கல்யாணப் பந்தியிலும் பக்கத்து இலைக்காரர் யாரென்று தெரியாதுதான். ஆனால் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். "பாயசம் நல்லா இருக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவே ஜாஸ்தி. கப்பல் மேஜையில் இது நடக்காது. சூப், சாலட், முக்கிய உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். நடுவில் ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். முதல் ராத்திரி ஊர், பிள்ளைகள், வேலை எல்லாம் தீர்ந்துவிடும். இரண்டாவது ராத்திரி என்ன பேசுவது?

இந்த வழக்கம் சொகுசுக்காக வந்ததல்ல, இடப் பற்றாக்குறையில் பிறந்தது. 1842ல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிரிட்டானியா' கப்பலில் அமெரிக்கா போனார். அதன் நீண்ட, குறுகலான சாப்பாட்டு அறையை ஜன்னல் வைத்த சவ வண்டியோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்! அந்தக் காலத்துக் கப்பல்களில் நீளமான மேஜைகள்தான். கடல் குலுக்கும்போது தட்டு ஓடிவிடாமல் மேஜை விளிம்பில் மரச்சட்டம் மாட்டுவார்கள். பின்னால் வந்த கப்பல்களில் தரையோடு திருகிய சுழல் நாற்காலிகளும் வந்தன.

1912ல் 'டைட்டானிக்' வந்தபோது, முதல் வகுப்புக் கூடத்தில் ஒரே நேரத்தில் 500 பேருக்கு மேல் உட்காரலாம். சிறு சிறு மேஜைகள், இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள். இரண்டாம் வகுப்பில் அப்போதும் நீண்ட மேஜை, தரையில் திருகிய நாற்காலி. யார் எந்த வகுப்பு என்று நாற்காலியை அசைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம் போல!

இந்த மேஜைக்குப் பயந்து கடைசிவரை அந்தப் பக்கமே போகாத ஒருவர் உண்டு. பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 1888 செப்டம்பர் 4 அன்று, பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், பம்பாயிலிருந்து 'கிளைடு' கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்டார். ஆங்கிலத்தில் பேசிப் பழக்கமில்லை. கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிச்சல் இல்லை. அதனால் ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே சாப்பிட்டுக் காலம் தள்ளினார். கூட வந்த வக்கீல் மஜும்தார் நாலு பேரோடு பழகு, பேசு என்று எவ்வளவோ சொல்லியும் கூச்சம் போகவில்லை. இதையெல்லாம் 'சத்திய சோதனை'யில் காந்தியே எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு அந்தப் பையன் அதே மாதிரி ஒரு மேஜையில் உட்கார்ந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். ஏனென்றால் மேஜை நிரந்தரம் என்றால் வெயிட்டரும் நிரந்தரம். பல கப்பல்களில் சைவக்காரர்களுக்கு மறுநாள் மெனுவை முதல்நாள் ராத்திரியே காட்டி, என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது நாளே பெயர் தெரியும், மூன்றாவது நாள் ருசி தெரியும். பாக்கிப் பாதிக் கஷ்டம், அதாவது எதிரில் உட்கார்ந்திருப்பவர்... அதற்கு எந்த வெயிட்டரும் உதவ முடியாது.

இந்த ஏற்பாட்டை முதலில் பெரிய அளவில் உடைத்தது நார்வீஜியன் குரூஸ் லைன். 2000ல் 'ஃப்ரீஸ்டைல்' என்று அறிவித்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வா, எங்கே வேண்டுமானாலும் உட்கார், யாரோடு வேண்டுமானாலும் சாப்பிடு! மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. டிஸ்னி அதற்கு முன்பே, 1998ல், வேறு வழி கண்டுபிடித்திருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் ஓட்டல் மாறும், ஆனால் வெயிட்டர்களும் குடும்பத்தோடு சேர்ந்தே மாறுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மூளை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் டிப்ஸ். ஒரே வெயிட்டர் ஏழு நாளும் பரிமாறியபோது, கடைசி ராத்திரி ஒரு கவரில் பணம் வைத்துக் கையில் கொடுப்பது வழக்கம். தினம் ஒரு மேஜை என்றான பிறகு யாருக்குக் கொடுப்பது? தலைக்கு இவ்வளவு என்று தினமும் பயணியின் கணக்கில் ஏற்றிவிடும் முறை பரவலாக வந்தது. கணக்கு சுலபமாயிற்று. பெயர் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கிறோம் என்ற உணர்வு போயிற்று.

சுதந்திரம் நல்லதுதானே என்று கேட்கலாம். துணையோடு போகிறவர்களுக்கு நல்லதுதான். தனியாக வருகிறவரை நினைத்துப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு அறுபத்தைந்து வயது அம்மா. பழைய முறையில் அவருக்கு ஒரு நாற்காலி தானாகவே இருந்தது. யாரிடமும் போய் "நானும் உட்காரலாமா?" என்று கேட்க வேண்டாம். ஒரு நாள் வராவிட்டால் "நேத்து எங்கே காணோம்?" என்று கேட்க ஏழு பேர். புதிய முறையில் அவர் தினமும் புதிதாகத் தைரியம் சேர்க்க வேண்டும், இல்லை 'ஒருவருக்கு' என்று விரல் காட்ட வேண்டும். 2010ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனியாக வருபவர்களுக்கென்றே 128 சிறு அறைகளும், அவர்கள் கூடிப் பேச ஒரு லவுஞ்சும் கட்டினார்கள். மேஜையை எடுத்துவிட்டு லவுஞ்ச் கட்ட வேண்டியிருந்தது பாருங்கள்!

2004ல் ஓடத் தொடங்கிய 'குயின் மேரி 2'வில் இன்னொரு வேடிக்கை. கேபினைப் பொறுத்துதான் ஓட்டல். பெரும்பாலானோருக்கு 'பிரிட்டானியா' என்ற கூடம் (டிக்கன்ஸ் போன கப்பலின் பெயரேதான்), அதில் குறித்த நேரம், குறித்த மேஜை. விலை உயர்ந்த அறைக்காரர்களின் 'கிரில்' கூடங்களிலும் மேஜை நிரந்தரம், ஆனால் நேரம் அவர்கள் இஷ்டம். காசு இருந்தால் சுதந்திரமும் கிடைக்கும், சொந்த இடமும் கிடைக்கும். மற்றவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா. அடுத்த மாதம் உலகெங்கும் சொகுசுக் கப்பல்கள் நின்றன. மீண்டும் கிளம்பியபோது பல கப்பல்களில் அந்நியரோடு மேஜை பகிர்வதே கிடையாது, சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்து உட்காரலாம், அவ்வளவுதான். பிறகு அந்தக் கட்டுப்பாடும் தளர்ந்தது.

இன்று நேரம் குறிக்காத கூடங்களில், வாசலில் ஒருவர் மேஜைப் பட்டியலோடு நிற்பார். எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, சிரித்தபடி அடுத்த கேள்வி போடுவார்: "மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சம்மதமா?" பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும். யோசிக்க இரண்டு நொடிதான் கிடைக்கும்.