எதன் மேல் உட்காருகிறது?

தம்பி, அசெம்பிளி ஃபைலைத் திறந்ததும் கை பரபரக்கும். சேனலை மவுஸால் இழுத்துத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒட்டினாற்போல் தெரிந்தால் அடுத்த பார்ட்டுக்கு ஓடத் தோன்றும். ஓடாதே. பெரிதாக்கிப் பார், 2 மி.மீ. தள்ளி நிற்கும். ஒவ்வொரு பார்ட்டையும் கையில் எடுக்கும்போது, நிஜத்தில் இது எதன் மேல் உட்காருகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறது என்று கேள். அந்த முகத்தைத்தான் நீ மேட்டுக்கு, அதாவது ஒரு பார்ட்டை இன்னொன்றோடு பிணைக்கும் கட்டளைக்கு, தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஷாப்பில் ஃபிட்டர் வேலை செய்வதை ஒரு நாள் நின்று பார். பேஸ் பிளேட்டை ரசமட்டம் வைத்துச் சமன் செய்வார், சென்டர் லைன் அடிப்பார், தூணை நிறுத்துவார், தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து டேக் வெல்டு போடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவை வரும். உன் அசெம்பிளியும் அதே வரிசையில் வளரட்டும். சாலிட்வொர்க்ஸில் முதல் பார்ட்டைத் திரையில் எங்கோ கிளிக் செய்து போடாமல் பச்சை டிக்கை அழுத்தினால், அது சரியாக மூலப்புள்ளியில் வந்து நிற்கும். நகராத பார்ட் அது ஒன்றுதான். நகர்ந்து தொல்லை தருகிறதே என்று மற்றதையும் ஃபிக்ஸ் போட்டுப் பூட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

தூணின் ஃபிளேஞ்சில் நான்கு துளை பிராக்கெட் ஒன்றை மாட்டுவதாக வைத்துக்கொள். வெட்டவெளியில் மிதக்கும் பார்ட்டுக்கு ஆறு வழி அசைவு உண்டு: மூன்று திசையில் நகரும், மூன்று அச்சில் சுழலும். பிராக்கெட்டின் பின்முகத்தை ஃபிளேஞ்சில் ஒட்டு, மூன்று போய்விடும். ஒரு துளையை எதிர்த்துளையோடு ஒரே அச்சில் சேர், இன்னும் இரண்டு போகும். மிச்சம் ஒரு சுழற்சி. விளிம்பைத் தூணின் விளிம்புக்கு இணையாக்கினால் அதுவும் நின்றுவிடும். பார்ட் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் இருந்த கழித்தல் குறி மறையும். அங்கேயே நிறுத்து. மீதித் துளைகளையும் பொருத்தினால்தான் உறுதி என்று தோன்றும். இன்று சும்மா இருக்கும். நாளை ஒரு பக்கம் துளை இடைவெளி 70-லிருந்து 75 ஆனால் மேட்கள் சிவப்பாகிக் கத்தும். ஷாப்பில் எம் 16 போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போடுகிறோம், ஐ.எஸ். 800 அனுமதிப்பதும் அதுதான். அந்த 2 மி.மீ. தாராளம் கணினியின் அச்சுக்குக் கிடையாது. ஒரே பொறுப்பை நான்கு பேரிடம் கொடுத்த வேலை இழுபறியாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இதுவும் அப்படித்தான்.

நாங்கள் டிராயிங் போர்டில் வளர்ந்தவர்கள். தூண் 50 மி.மீ. நகர்ந்தால் டிரேசிங் ஷீட்டை பிளேடால் சுரண்டி, அதைத் தொட்ட எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். இந்தக் கோடு அதற்கு இணை என்று சொல்லிவிட்டால் கணினியே அதைக் காத்துக்கொள்ளும் என்பதை, 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேடில் செய்து காட்டினார். அந்த வசதி உன் விரல் நுனியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீயும் கண்ணளவில் இழுத்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

தூண்களைக் கிரிட் பிளேன்களில் நிறுத்து. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சங்கிலியாகப் போனால், நடுவில் ஒரு கிளீட்டை நீக்கியதும் பின்னால் வந்தவை எல்லாம் பிடிவிட்டு அலையும்.

பிறகு இந்தச் சோதனையைச் செய். பேஸ் பிளேட்டின் தடிமனை 16-லிருந்து 20 ஆக்கு. தூணும் அதில் பிடித்தவையும் 4 மி.மீ. உயர வேண்டும். மேல்மட்டம் மாறக் கூடாத வேலையென்றால் தூண்தான் 4 மி.மீ. குறைய வேண்டும், எது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள். எது அசையாமல் பிளேட்டுக்குள் புதைந்து நிற்கிறதோ, அதை நீ பொருத்தவே இல்லை. டிராயிங் ஷாப்புக்குப் போகும் நாள்வரை இதைத் தள்ளிப்போடாதே. தினமும் சாயங்காலம் ஃபைலை மூடுவதற்கு முன் செய்து பார்.