ஆர்.சி. புத்தகம்

கம்பத்தில் ஒருவர் புதுப்பித்து வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் போய்ப் பார்த்தேன். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினார். வங்கிக் குமாஸ்தா புத்தி, கண் முதலில் கடன் குறிப்பைத்தான் தேடிற்று. பிறகு பெயர்கள். நான்கு உரிமையாளர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முத்திரை, கையெழுத்து.

மூன்றாமவரிடம் அப்பா பன்னிரண்டு வருஷம் டிரைவர். குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னெடுக்காமல் ஒரே ஒடிப்பில் ஏறும் என்பார். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. அப்பா பெயர் புத்தகத்தில் இல்லை, இருக்க நியாயமுமில்லை.

கியர் குமிழ் புதிதாகப் பளபளத்தது. பழையது இருக்கிறதா என்றேன்.

“தேஞ்சு போனது சார், அது எதுக்கு?”

தேய்த்த கை யாருடையது என்று நான் சொல்லவில்லை.